நஜ்ரானைப் பற்றி என் மகள் பேசினாள்

1

என் மகள் ஹஃப்ஸா பள்ளிக்கூடத்தில் கலீஃபாக்களைப் பற்றிப் பேசப்போகிறாள் என்றதும் நான் சந்தோசப்பட்டேன். அந்தச் சந்தோசம் ஒரு கிழமைகூட நிலைக்கவில்லை. இதை எழுதும்போதும் கோபம் அடங்கவில்லை. யாரோடு கோபம் என்பதுதான் நாளுக்கு நாள் மாறிக்கொண்டு வந்தது. ஊரில் இருக்கிற உங்களுக்கு அதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

நான் யாழ்ப்பாணத்து முஸ்லிம். தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் துவக்கேந்திய தமிழ் இயக்கம் எங்கள் முஸ்லிம் சனத்தை ஊரைவிட்டு அனுப்பியபோது எனக்குப் பதினாறு வயது. இப்போது ஜெர்மனியில் எசன் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். இங்கேயுள்ள தமிழருக்கு நான் முஸ்லிம். பள்ளிவாசலுக்கு வரும் துருக்கிப் பெண்களுக்கு நான் ஏதோ ஒரு இந்தியக்காரி. ஜெர்மன்காரருக்கு நான் அவரவர் பயத்துக்கு ஏற்றபடி எதுவாகவும் இருப்பேன்.

ஹஃப்ஸா பதினோராம் வகுப்பு. இந்த வருசம் வரலாற்றுப் பாடத்தில் மத்திய கால இஸ்லாமிய உலகமும் கிறிஸ்தவ உலகமும் வருகிறது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு ரெஃபராட் செய்ய வேண்டும். வகுப்புக்கு முன்னால் நின்று ஒரு தலைப்பில் பேசுவதற்கு இங்கே அதுதான் பெயர். மற்றப் பிள்ளைகளைத் தலைப்பைத் தெரிவு செய்யவிட்ட ஆசிரியை, ஹஃப்ஸாவிடம் மட்டும், “முதல் நாலு கலீஃபாக்களும் இஸ்லாத்தின் பரவலும் உனக்கு. உன் சொந்த விசயம்தானே,” என்றாராம்.

சொந்த விசயம்! இவளுக்கு ஓதத் தெரியும், நோன்பு பிடிக்கத் தெரியும். டமஸ்கஸ் எந்தப் பக்கம் என்று கேட்டால் கைபேசியைத்தான் எடுப்பாள்.

ஆசிரியை கொடுத்த வரைபடத்தை மேசையில் விரித்தாள். அரேபியாவிலிருந்து நாலு பக்கமும் தடித்த பச்சை அம்புகள். ஒன்று சிரியாவுக்குள், ஒன்று எகிப்துக்குள், ஒன்று ஈராக்கைத் தாண்டிப் பாரசீகத்துக்குள். வீட்டுக்குள் தண்ணீர் ஏறுவதுபோல இருந்தது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

“இதைப் பாத்தா உன்ர வகுப்புப் பிள்ளையள் என்ன நினைக்கும்? நீ உண்மையைச் சொல்லு. நான் சொல்லித் தாறன்.”

2

எனக்குத் தெரிந்த உண்மை முழுவதும் என் வாப்பா தந்தது. வாப்பா தையல்காரர். ஊரைவிட்டு வந்து புத்தளத்து அகதி முகாமில் ஓலைக் கொட்டிலில் இருந்த காலத்தில் தைக்க அவரிடம் மெசின் இல்லை. பகல் முழுக்கச் சும்மா இருக்க முடியாமல் கதை சொன்னார். பசித்த பிள்ளைகளுக்காக மாவு மூட்டையைத் தன் முதுகில் சுமந்துபோன ஆட்சியாளர் உமர் (ரலி). ஒட்டுப்போட்ட உடுப்போடு ஜெருசலேமுக்குள் வந்தவர். அங்கே தேவாலயத்துக்குள் தொழ இடம் கொடுத்தபோது, நான் தொழுதால் நாளைக்கு என் ஆட்கள் இதைப் பிடித்துக்கொள்வார்கள் என்று வெளியே போய்த் தொழுதவர். அவருக்கு முன் இருந்த அபூபக்கர் (ரலி), படை புறப்படும்போது பெண்களையும் பிள்ளைகளையும் தொடாதே, காய்க்கிற மரத்தை வெட்டாதே என்று சொல்லி அனுப்பியவர்.

இவையெல்லாம் எங்களுக்கு வெறும் கதைகள் இல்லை. துவக்கோடு வந்து போகச் சொன்ன இயக்கத்துப் பெடியளை மட்டுமே பார்த்த எங்களுக்கு, அதிகாரம் கையில் இருந்தும் இறைவனுக்குப் பயந்து நடந்த மனிதர்கள் உலகத்தில் இருந்தார்கள் என்பது பெரிய ஆறுதல். அந்த முகாமில் நான் புத்தி பேதலிக்காமல் இருந்ததற்கு உமரும் ஒரு காரணம். மகள் பிறந்தபோது உமரின் மகளின் பெயரைத்தான் வைத்தேன்.

இதையெல்லாம் ஹஃப்ஸாவுக்குச் சொன்னேன். கேட்டாள். குறிப்பும் எடுத்தாள். பிறகு நூலகத்துக்குப் போய் மூன்று தடித்த புத்தகங்களோடு வந்தாள். அங்கே தொடங்கியது.

3

முதலில், “உம்மா, நாலு பேரில மூண்டு பேரைக் கொலை செய்திருக்கிறாங்களே. எனக்கு நீங்க சொல்லவே இல்லையே,” என்றாள்.

“தேவையான இடத்தில சொல்லுவம் எண்டு இருந்தனான்.”

“உமரைக் குத்தினவர் பாரசீகத்தில இருந்து பிடிச்சுக்கொண்டு வந்த அடிமை. அந்த அம்பு போன நாட்டில இருந்து வந்தவர்.”

“கொலைகாரனுக்கு வக்கீலா நீ?”

“இல்லை உம்மா. அந்த ஆள் எப்பிடி அங்க வந்தார் எண்டு மட்டும் பாத்தனான்.”

அடுத்த நாள் நான் வேலையால் வந்து சோற்றுக்கு உலை வைக்கும்போது புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

“உம்மா, நஜ்ரான் தெரியுமா?”

தெரியாது என்றேன்.

“அரேபியாவுக்குத் தெற்கில ஒரு ஊர். கிறிஸ்தவச் சனம் இருந்தது. நபி அவங்களோட ஒப்பந்தம் செய்து, இருங்கோ எண்டு விட்டவர். உமர் கலீஃபா காலத்தில அந்தச் சனத்தை வெளியேத்தி ஈராக்குக்கு அனுப்பினவங்க. கைபரில இருந்த யூதச் சனத்தையும் அனுப்பினவங்க.”

“ஆர் எழுதினது? வெள்ளைக்காரன்தானே?”

“பழைய அரபு வரலாற்றுக்காரர் எழுதினது. முஸ்லிம் ஆக்கள். நான் மொழிபெயர்ப்பில வாசிச்சனான். பேசேக்க இதையும் சொல்லப்போறன்.”

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். “எல்லாத்தையும் வாசிச்சனீதானே. அவங்களுக்கு உமர் என்ன குடுத்தவர் எண்டு எழுதியிருக்கா?”

“ஓம். போன இடத்தில காணி. கொஞ்சக் காலம் வரியும் இல்லை.”

“பாத்தியா! எங்களை அனுப்பினவங்க என்ன குடுத்தாங்க? என்ர காதில கிடந்த தோட்டையும் கழட்டி எடுத்தாங்க. ரெண்டும் ஒண்டா?”

ஹஃப்ஸா கொஞ்சம் யோசித்தாள். “புத்தளத்தில உங்களுக்குக் காணி குடுத்திருந்தா அது சரியாப் போயிருக்குமா, உம்மா?”

பதில் இல்லாதபடியால் சத்தம் போட்டேன். அவள் விடவில்லை.

“அந்தச் சனம் போன இடத்துக்கும் நஜ்ரான் பேரைத்தான் வைச்சதாம். நீங்களும் முகாமில உங்கட ஒழுங்கைக்குப் பழைய தெருவின்ர பேரை வைச்சதெண்டு சொன்னீங்களே.”

“வாயை மூடு! உன்ர பேர் ஆற்ற பேர் எண்டு தெரியுமா உனக்கு?”

“தெரியும். அதாலதான் எனக்கு இது முக்கியம்.”

“அவங்கள் ஏற்கெனவே எங்களை எப்பிடிப் பாக்கிறாங்கள் எண்டு தெரியும்தானே. எங்கட ஊத்தையைக் கொண்டுபோய் நீயே அவங்கட கையில குடுக்கப்போறியா?”

அவள் புத்தகத்தை மூடிக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. என் கணவர் லொறி ஓட்டத்தில் போலந்துப் பக்கம் போயிருந்தார். தொலைபேசியில் நான் கொட்டியதையெல்லாம் கேட்டுவிட்டு, “அவள் சொல்லுறது பொய்யா?” என்று மட்டும் கேட்டார். அவரோடும் கோபித்துக்கொண்டேன்.

பிள்ளைகள் கைவிட்டுப் போகிறார்கள் என்று இங்கே எல்லாப் பெற்றோரும் புலம்புவார்கள். மகள் குடிக்கிறாள், மகன் பொம்பிளைப் பிள்ளையோடு திரிகிறான் என்பார்கள். என் பிள்ளை எங்கள் கலீஃபாக்களைப் பற்றி என்னைவிட அதிகம் படித்ததால் கைவிட்டுப் போகிறாளே, இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

4

அவள் பேசினாள். மாவு மூட்டையையும் சொன்னாள், தேவாலயத்துக்கு வெளியே தொழுததையும் சொன்னாள், நஜ்ரானையும் சொன்னாள். கடைசியில் என்னையும் சொல்லியிருக்கிறாள். எங்கள் ஊரில், எங்கள் மொழியையே பேசியவர்கள், ஒலிபெருக்கியில் அறிவித்து மைதானத்துக்கு வரச்சொல்லி, உடுத்த உடுப்போடு என்னை அனுப்பினார்கள் என்று. யார் செய்தாலும், எவ்வளவு நேர்மையானவர் செய்தாலும், போகிற சனத்துக்கு அது ஒரே மாதிரித்தான் இருக்கும் என்று முடித்தாளாம்.

பிறகு கேள்வி நேரம். லேனா கை உயர்த்தியிருக்கிறாள்.

லேனா என் மகளின் சிநேகிதி. ஐந்தாம் வகுப்பிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்துபோகிற பிள்ளை. பெருநாளுக்கு வட்டிலப்பம் கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள். கெட்ட வார்த்தை பேசாத, நல்ல புள்ளிகள் எடுக்கிற பிள்ளை. அவள் மிகவும் மரியாதையாகச் சொன்னாளாம்: ஒரு நாடு ஒன்றாக இருப்பதற்காகச் சிலரை அனுப்புவதை எல்லா அரசுகளும் செய்திருக்கின்றன. இஸ்லாத்தின் மிக நீதியான ஆட்சியாளரே செய்திருக்கிறார், அதுவும் காணி கொடுத்து, வரி விட்டு, ஒழுங்காக. அப்படியென்றால் ஜெர்மனியில் இன்றைக்கு வெளிநாட்டுக்காரரை அனுப்புவதைப் பற்றிக் கதைத்தால் மட்டும் ஏன் எல்லாரும் குதிக்கிறார்கள்?

வகுப்பில் சிலர் மேசையைத் தட்டினார்களாம், இங்கே அதுதான் கைதட்டு. ஆசிரியை, “மிகவும் சுவாரசியமான விவாதம்,” என்று சொல்லி மணி அடிக்கும்வரை பேசவிட்டாராம்.

ஹஃப்ஸா வந்து சப்பாத்தைக்கூடக் கழட்டாமல் கதிரையில் இருந்தாள். அழவில்லை. “நீங்க சொன்னது சரிதான் உம்மா. கையில குடுத்திட்டன்,” என்றாள்.

நான் சொன்னது சரி என்று அவள் சொன்ன அந்த நேரத்தில்தான் எனக்கு விளங்கியது. காணி கொடுத்தார், வரி விட்டார். அது லேனாவின் நியாயம் இல்லை. நான் உலைக்குப் பக்கத்தில் நின்று என் மகளிடம் சொன்ன நியாயம். அதை ஹஃப்ஸா நேர்மையாக வகுப்பில் எடுத்துச் சொல்ல, லேனா அதைத் தூக்கி என்னை அனுப்புவதற்குப் பாவித்திருக்கிறாள்.

5

சாந்தியக்கா என்னோடு அதே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர். யாழ்ப்பாணம்தான், சைவம். இருவரும் பல வருசமாக ஒரே நேரத்தில் தேத்தண்ணி குடிக்கிறவர்கள். அவரின் மகனும் ஹஃப்ஸாவின் வகுப்பு. அவன் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறான்.

சாந்தியக்கா அன்றைக்குத் தேத்தண்ணிக்கு வரவில்லை. உடுப்பு மாற்றுகிற அறையில் பிடித்துக்கொண்டார்.

“உம்மட மகள் வகுப்பில எங்கட பெடியளைப் பற்றிக் கதைச்சவளாம்?”

“என்னைப் பற்றிக் கதைச்சவள், அக்கா.”

“நடந்தது பிழைதான். ஆர் இல்லை எண்டது? அதை எங்களுக்குள்ள கதைக்கலாம். இந்தச் சனத்துக்கு எங்களைப் பற்றி என்ன தெரியும்? நாங்கள் செத்தது தெரியுமோ? இனி என்ர மகனைப் பாத்து, நீங்களும் சனத்தைக் கலைச்சனீங்கள்தானே எண்டு கேக்கப்போறாங்கள். எங்கட ஊத்தையை ஏன் வெள்ளைக்காரன்ர கையில குடுக்கிறீர்?”

அதே வார்த்தை. சமையலறையில் நான் மகளிடம் சொன்னதுதான்.

எனக்கு வந்த கோபத்தில் அலுமாரிக் கதவை அடித்துச் சாத்தினேன். “அக்கா, எங்களுக்குள்ள எண்டு எத்தினை தரம் கதைச்சிருக்கிறம்? இத்தினை வருசத்தில ஒருக்கா நீங்களாக் கேட்டீங்களா? யாழ்ப்பாணத்தில என்ர வீட்டில இப்ப ஆர் இருக்கினம் எண்டாவது கேட்டீங்களா?”

சாந்தியக்கா கையுறையைப் போட்டுக்கொண்டு தளத்துக்குப் போய்விட்டார். அவரைப் பார்த்துக் கத்தியது பாதிதான். மற்றப் பாதி எனக்கு. நஜ்ரானில் இருந்து போன ஒரு பெண் என் முன்னால் வந்து நின்றிருந்தால், அவளிடமும் நான் இதைத்தான் சொல்லியிருப்பேன்: நடந்தது நடந்தது, வெளியில் சொல்லாதே, எங்கள் பெயர் கெட்டுப்போகும்.

அன்றைக்கே பள்ளிக்கூடத்துக்கு அழைத்து, ஆசிரியையைச் சந்திக்க டெர்மின், அதாவது நேரம் கேட்டேன்.

6

ஆசிரியை நல்ல மனிதர். அதுதான் இந்த நாட்டில் கோபப்படுவதில் உள்ள கஷ்டம். தண்ணீர் ஊற்றித் தந்தார். ஹஃப்ஸா எனக்குப் பக்கத்தில் இருந்தாள். மொழிபெயர்க்கட்டுமா என்றாள், வேண்டாம் என்றேன்.

துரத்தப்பட்டவர்கள் என்பதற்கு ஜெர்மன் மொழியில் ஃபெர்ட்ரீபன் என்பார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்த சொல். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கிழக்கு ஐரோப்பாவிலிருந்து துரத்தப்பட்ட ஜெர்மன்காரரை எங்கள் முதியோர் இல்லத்தில் நானே குளிப்பாட்டியிருக்கிறேன். ஆனால் கோபத்தில் நாக்குப் புரளவில்லை. சொல்லின் வாலை விழுங்கிவிட்டு, “நாங்களும் ஃபெர்ட்ரீப்,” என்றேன்.

ஃபெர்ட்ரீப் என்றால் விற்பனைப் பகுதி.

“அப்படியா, எந்த நிறுவனத்தில்?” என்று ஆசிரியை சிரித்த முகத்தோடு கேட்டார்.

ஹஃப்ஸா திருத்த வாயெடுத்தாள். அவளின் கையைப் பிடித்து நிறுத்தினேன். மூச்சு எடுத்துச் சொல்லை முழுதாகச் சொன்னேன். பிறகு பிழையான இலக்கணத்தில், ஆனால் நிறுத்தாமல், ஒலிபெருக்கியையும் மைதானத்தையும் என் தோட்டையும் சொன்னேன். ஆசிரியையின் சிரிப்புப் போய்விட்டது.

அவர் ஹஃப்ஸாவின் மதிப்பீட்டைக் காட்டினார். கலீஃபாக்கள் பகுதிக்கு நல்ல புள்ளி. கடைசிப் பகுதிக்குக் குறைத்திருந்தார். “ஹஃப்ஸா அதற்கு எந்தக் குவெல்லவும் கொடுக்கவில்லை,” என்றார். ஆதாரத்தை, மூலத்தை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஒரு விசயத்தை எங்கிருந்து எடுத்தாய் என்று காட்டாவிட்டால் அது இல்லாத விசயம்.

“நான்தான் குவெல்ல,” என்றேன்.

அவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“லேனா கேட்டதுக்கு நீங்கள் என்ன சொன்னீங்கள்?”

“விவாதத்தை நான் அடைக்க விரும்பவில்லை. இளம் ஆட்கள் எல்லாவற்றையும் பேசிப் பார்க்க வேண்டும்.”

“என்னை அனுப்பலாமா எண்டு என்ர பிள்ளைக்கு முன்னால பேசிப் பாத்தாங்கள். அது உங்களுக்கு விவாதம். என்ர பிள்ளை வீட்டை வந்து சப்பாத்துக் கழட்டாமல் இருந்தவள். ஒரு நாளும் நஜ்ரானைப் பற்றிப் பேசியிருக்கக் கூடாது எண்டு நினைச்சவள். அவள் பேசினது சரி. பேசின பிள்ளையைத் தனிய விட்டது நீங்கள்.”

ஹஃப்ஸா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சமையலறையில் நான் சத்தம் போட்டதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் பேசினது சரி என்ற அந்த ஒரு வசனத்தில் அவளுக்கு விளங்கியிருக்கும்.

ஆசிரியை பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, வகுப்புக்கு வந்து பேசுவீர்களா என்று கேட்டார். தன் வேலையை என் தலையில் போடுகிறார் என்று தெரிந்தது. ஆனாலும் வருகிறேன் என்றேன்.

7

வகுப்புச் சுவரில் அந்த வரைபடம் பெரிதாகத் தொங்கியது. சாந்தியக்காவின் மகன் ஜன்னல் பக்கம் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். லேனா முன்வரிசை.

உமரிலிருந்து தொடங்கினேன். அவரை நான் எவ்வளவு நேசிக்கிறேன் என்று சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன். பிறகு நஜ்ரானைச் சொன்னேன். அந்தச் சனத்திடம் போய், உங்களை அனுப்பியவர் நல்லவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது என்றேன். பச்சை அம்புகளில் ஒன்றைக் கையால் மூடிக்காட்டி, இதன் கீழே வீடுகள் இருந்தன, சிலர் கதவைத் திறந்துவிட்டார்கள், சிலர் ஓடினார்கள், யார் என்ன நினைத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை என்றேன். கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்தேன். மீன் கறிக்குப் புளி கரைத்து வைத்த பாத்திரம் அடுப்புக்குப் பக்கத்தில் அப்படியே இருக்க நாங்கள் வெளியேறியதைச் சொன்னேன். சொல்லும்போது குரல் உடையவில்லை. கோபம் அதைத் தாங்கிப் பிடித்தது.

கேள்வி இருக்கிறதா என்று ஆசிரியை கேட்டார். லேனாவின் கை உயர்ந்தது. ஹஃப்ஸா விறைத்துப்போனாள்.

லேனா எழுந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது. “நீங்கள் திரும்பிப் போக விரும்புகிறீர்களா?” என்று கேட்டாள்.

குத்தலாகக் கேட்டாளா, உண்மையாகவே தெரியாமல் கேட்டாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வி என்னை அடித்துப்போட்டது. துவக்கோடு வந்தவர்கள் அதைக் கேட்கவில்லை. போர் முடிந்த பிறகு மீள்குடியேற்றம் என்று வந்த அதிகாரிகள் அடையாள அட்டை கேட்டார்கள், இதைக் கேட்கவில்லை. இங்கே அகதி அந்தஸ்துக்கான நேர்காணலில் எந்த வழியால் வந்தாய் என்று நாள் முழுக்கக் கேட்டார்கள். சாந்தியக்கா கேட்கவில்லை. என் வாழ்க்கையில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள், என்னை அனுப்புவதைப் பற்றிக் கதைத்த இந்தப் பிள்ளை.

திரும்பிப் போனால் அந்த வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். போகாவிட்டால் இந்தத் தெருச் சுவரில் நாளைக்கு எங்களைப் பற்றி என்ன எழுதுவார்கள் என்று தெரியாது. இரண்டையும் அவளுக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“இஷ் வைஸ் நிஷ்ட்,” என்றேன். எனக்குத் தெரியாது. “ஆனால் லேனா, அதை முடிவுசெய்யிறது நான். நீயும் இல்லை, உன்ர அரசாங்கமும் இல்லை, என்ர உமரும் இல்லை.”

வகுப்பில் ஒருவரும் மேசையைத் தட்டவில்லை. லேனா நின்றபடியே தலையை ஆட்டினாள், பிறகு இருந்தாள்.

என் ஜெர்மனில் எங்கேயோ பிழை இருந்திருக்க வேண்டும். ஹஃப்ஸா திருத்தவில்லை.